கம்பி இறங்கிய நாற்காலி

முப்பத்தொன்றாம் எண் நாற்காலி கம்பி இறங்கியபடி வந்தது.

கோடையில், வடத்தில் தொங்கி மலையேறும் இந்த நாற்காலி லிஃப்டில் ஆட்கள் மேலே மட்டும்தான் போவார்கள். இறங்குவதெல்லாம் சைக்கிளில். உச்சியில் மடிக்குக் குறுக்கே இருக்கும் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கினால்தான் நாற்காலியிலிருந்து எழ முடியும். அதனால் கீழே திரும்பி வரும் நாற்காலிகள் எல்லாம் கம்பி தூக்கியபடி, காலியாக வரும். இது மட்டும் மூடியிருந்தது, உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல.

கீழ் நிலையத்தின் பெரிய சக்கரத்தை அது சுற்றும்போது டெலியா எட்டிக் கம்பியைத் தூக்கிவிட்டாள். நாற்காலி ஆளில்லாமல் மேலே போனது. மணி ஆறு பன்னிரண்டு.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஐந்து நாளாகக் காடு எரிந்துகொண்டிருந்தது. புகை மலை மேல் ஏறிப் படுத்திருந்தது. மூன்றாவது கோபுரத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நாற்காலிகள் புகைக்குள் நுழைந்தன, புகையிலிருந்து வந்தன. ஒவ்வொன்றும் கோபுரத்தின் உருளைகளைத் தாண்டும்போது கடக் கடக் என்ற சத்தம் மட்டும் மேலே வெகுதூரம் வரை கேட்டுக்கொண்டே இருந்தது. சூடேறிய பிரேக்கின் வாசனை, பைன் பிசின் வாசனை, சாம்பல் வாசனை.

அவள் உச்சி நிலையத்துக்குப் போன் செய்தாள்.

"ரஸ், யாரையாவது நாற்காலியில கீழ அனுப்பினியா?"

"இல்லையே. ஏன்?"

"முப்பத்தொண்ணு கம்பி மூடி வந்துது."

"இங்க நானும் கொசுவும்தான் இருக்கோம். கொசுவுக்கு அவ்வளவு பொறுப்பு கிடையாது." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "டெலி, இன்னிக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருக்க. முடியலன்னா சொல்லு, வேற ஆளப் போடச் சொல்றேன்."

"முடியுது."

முடிந்தது. தங்கை ஜோரி செத்துப் பதினாறு நாள். அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், அம்மாவுக்குப் பாத்திரம் கழுவிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் தடிமனான கையுறை போட்டுக்கொண்டு தொடுவதுபோல இருந்தது.

புழுதி அப்பிய இரண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டெலியா சைக்கிள்களைக் கொக்கியில் மாட்டினாள்.

"இன்னும் ரெண்டு, டெலி!" என்றான் ஒருவன்.

"உன் முட்டியப் பாரு, ரத்தம் வருது. ஒண்ணே ஜாஸ்தி," என்றான் மற்றவன்.

"உன் வீட்டுக்காரி கிட்டயும் இப்படித்தான் கணக்குச் சொல்லுவியா?" என்றான் முதலாமவன்.

நாற்காலி அவர்களை அள்ளிக்கொண்டு போனது. இந்த மலையில் யாரும் 'கடைசி' என்று சொல்வதில்லை. கடைசி என்று சொல்லிவிட்டுப் போனவன் எலும்பை உடைத்துக்கொண்டு வருவான் என்று ஒரு பயம். அதனால் எல்லோரும் இன்னும் ரெண்டு என்பார்கள். ஒன்று ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ரெண்டு என்றால் ஒன்று. இங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஜோரியும் அன்று அதைத்தான் சொன்னாள். ஒன்று ஓட்டிவிட்டு வந்தாள். டெலியா 'லிஃப்ட் மூடியது' பலகையை எடுக்க அறைக்குள் போய்விட்டு வந்தபோது ஜோரியைக் காணவில்லை. பீர் குடிக்கப் போயிருப்பாள்.

ரோந்துக்காரன் மார்ட்டி உச்சியிலிருந்து போனில் கூப்பிட்டான். லிஃப்ட் நின்றபின் கடைசியாக இறங்குபவன் அவன்தான். வழியில் யாரும் விழுந்து கிடக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே வருவான். இடது தடத்தில் அன்று ஜோரியைத் தவிர யாரும் போகவில்லை.

"ஜோரி இறங்கிட்டாளா?"

"இறங்கிட்டா," என்றாள் டெலியா. திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மார்ட்டி இடது தடத்தை விட்டுவிட்டு வலது தடத்தில் இறங்கினான்.

மறுநாள் காலையில்தான் ஜோரியை இடது தடத்தில் கண்டுபிடித்தார்கள். அவள் நிஜமாகவே ரெண்டாவது தடவை ஏறியிருந்தாள். இரண்டு தோள்பட்டை எலும்பும் உடைந்திருந்தன. கையைத் தூக்கியிருக்க முடியாது, போனை எடுத்திருக்க முடியாது என்றார் டாக்டர். மணிக்கட்டில் இருந்த கடிகாரம் அவள் இதயத் துடிப்பைப் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது. விடிகாலை நாலு பத்து வரை.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு விசாரணை. இடது தடத்தை ஏன் விட்டாய் என்று மார்ட்டியைக் கேட்பார்கள். அவன் வேலை போகும். அதைவிடப் பெரியதும் போகலாம். டெலியாவின் பெயரை அவன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. டெலியாவும் சொல்லவில்லை.

ஆறு முப்பத்தாறு. முப்பத்தொன்று புகையிலிருந்து வந்தது.

கம்பி மூடியிருந்தது.

இந்த முறை இன்னொன்றையும் பார்த்தாள். காலி நாற்காலி சற்று முன்பக்கம் சரிந்து தொங்கும். ஆள் உட்கார்ந்தால் பின்னால் சாயும். முப்பத்தொன்று பின்னால் சாய்ந்திருந்தது. இடது ஓரம் தாழ்ந்திருந்தது. எடை இல்லாமல் இரும்பு அப்படித் தொங்காது.

அவள் கம்பியைத் தொடவில்லை. நாற்காலி அவளைக் கடந்தபோது ஈர மண் வாசனை வந்தது. மூன்று வாரமாக மழை இல்லை.

பயப்பட வேண்டும் என்று நினைத்தாள். பயம் எங்கோ பக்கத்து அறையில் ஓடும் தண்ணீர்போலக் கேட்டது. அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் போன் அடித்தது.

"டெலி, மார்ட்டி. எல்லாரும் இறங்கியாச்சா?"

முட்டியில் ரத்தம் வழிந்தவனும் அவன் கூட்டாளியும் அப்போதுதான் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போயிருந்தார்கள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"டெலி?"

"இருக்கேன்."

"நாளைக்கு ஒம்பது மணிக்கு."

"தெரியும்."

"நான் இன்னும் வாயத் திறக்கல. நீயா சொல்லுவன்னு பார்த்தேன்." அவன் மூச்சு விடுவது கேட்டது. "ஏதாவது சொல்லணுமா?"

டெலியா 'லிஃப்ட் மூடியது' பலகையைக் கையில் எடுத்தாள்.

"எல்லாரும் இறங்கியாச்சு," என்றாள்.

"சரி." அவனே முதலில் போனை வைத்தான்.

இருபத்துநாலாம் நாற்காலியில் பலகையை மாட்டினாள். அது மேலே போய்ச் சேர்ந்ததும் ரஸ் லிஃப்டை நிறுத்துவான். பலகைக்குப் பின்னால் யாரும் ஏறுவதில்லை, ஏறக்கூடாது.

இருபத்தைந்து. இருபத்தாறு. எல்லாம் காலி. எல்லாம் கம்பி தூக்கியவை.

முப்பத்தொன்று.

மூடிய கம்பி. தாழ்ந்த இடது ஓரம்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தோள் உடைந்தவளால் கம்பியைத் தூக்க முடியாது. உச்சிக்குப் போகிறாள், இறங்க முடியவில்லை, திரும்பி வருகிறாள். ரஸ் காலி நாற்காலியைப் பார்க்க மாட்டான். இப்போது லிஃப்ட் நின்றால் விடியும்வரை நடுவானத்தில் தொங்குவாள். இன்னொரு இரவு.

கீழே திறந்தால் போதாது. இறங்குகிற இடம் மேலே.

டெலியா ஆட்கள் ஏறும் கோட்டில் போய் நின்றாள். கம்பியைத் தூக்கினாள். வலது ஓரத்தில் உட்கார்ந்தாள். கம்பி இறங்கியது. அவள் இறக்கவில்லை.

தரை விலகியது. நாற்காலி மெல்ல நிமிர்ந்தது. இரண்டு பக்கமும் சமமாக.

அவள் இடது பக்கம் திரும்பவில்லை. முன்னால் புகை. முதல் கோபுரம். கடக் கடக். இரண்டாவது கோபுரம். பக்கத்தில் மூச்சு. சின்னச் சின்ன மூச்சு, விலா வலிப்பவர்கள் விடுவதுபோல.

"நாளைக்குச் சொல்லிடறேன், ஜோரி," என்றாள்.

மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

உச்சி வரப்போகிற நேரம். மேலே மரங்களுக்குப் பின்னால் நிலையத்தின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

லிஃப்ட் நின்றது.

நாற்காலி முன்னால் ஆடியது. பின்னால் ஆடியது. அடங்கியது. கடக் கடக் சத்தம் இல்லாத மலையை அவள் இதுவரை கேட்டதில்லை. பலகை போய்ச் சேர்ந்துவிட்டது. ரஸ் கதவைப் பூட்டுவது கேட்டது. அவன் வண்டி கிளம்புவது கேட்டது.

காலுக்கு அடியில், ஐம்பது அடி கீழே, இடது தடம் குறுக்கே போனது.

சைக்கிள் பிரேக் கீச்சிட்டது. மார்ட்டி. இப்போதெல்லாம் அவன் எந்தத் தடத்தையும் விடுவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்றான். கூப்பிட்டான். கேட்டான். வந்தான்.

நேர் கீழே நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"யாராவது இருக்கீங்களா?"

டெலியா வாயைத் திறந்தாள்.

இடது பக்கத்திலிருந்து ஒரு கையுறை எழுந்தது. அவள் வாய் மேல் படிந்தது. அழுத்தமாக இல்லை. குளிர்ச்சியாக. மண்ணோடு.

தூக்க முடியாத கை.

மார்ட்டி வெகுநேரம் காது கொடுத்து நின்றான். போன தடவை நிற்காததற்கும் சேர்த்து நின்றான். மேலே மட்டும் பார்க்கவில்லை. பிறகு ரேடியோவை வாய்க்கருகே கொண்டுபோனான்.

"இடது தடம் பார்த்தாச்சு. யாருமில்ல."

சைக்கிள் சத்தம் வளைவுக்கு வளைவு சிறுத்துக்கொண்டே போனது. வாயை மூடிய கை இறங்கவில்லை. நாற்காலி ஆடவில்லை. மெதுவாக, பேருந்தில் தூங்கிப்போகிறவள்போல, ஒரு ஹெல்மெட் டெலியாவின் தோளில் வந்து சாய்ந்தது.