இடுப்பைச் சுற்றிய கை

காலை பதினொன்றரை மணிக்குப் போட்டோ ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். கூடவே ஆறு வயது மகள். கணினி முன் உட்கார்ந்திருந்தவன் திரும்பக்கூட இல்லை. ‘கலர் மாஸ்டர்’ என்பது அவன் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பட்டம். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வருகிற முகங்களையெல்லாம் ‘இதுக்கு ஒரு போட்டோ கேடா’ என்று வாய்க்குள் வைவதே அவனுக்குப் பொழுதுபோக்கு.

வந்தவர் நீட்டிய பென் டிரைவைச் செருகினான். படம் விரிந்தது. நாற்காலியில் மஞ்சள் சேலை கட்டிய பெண். மடியில் இந்தக் குழந்தை, அதன் இடுப்பைச் சுற்றி அவள் கை. பக்கத்தில் விறைப்பாக இவர்.

“இவ தவறி ஒரு வருஷம் ஆச்சு. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். இவளை எடுத்துட்டு, நானும் பொண்ணும் மட்டும் இருக்கிற மாதிரி பண்ணிடுங்க தம்பி.”

“அவங்க படம் வேற இருக்கா?”

“இது ஒண்ணுதான். இதோட ஒழியட்டும்.”

குழந்தை மேசை விளிம்பைப் பிடித்து எம்பியது. “மாமா, அம்மா கையை மட்டும் விட்டுடுங்க.”

“கை மட்டும் தனியா இருந்தா பாக்கிறவன் பயந்துடுவான் பாப்பா.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு, அரை மணி கழித்து வரச் சொன்னான்.

மஞ்சளின் மேல் ஒரு சொடுக்கு. சேலையைச் சுற்றி, வெட்டப்போகும் பகுதியைக் காட்டும் புள்ளிக்கோடு எறும்பு வரிசைபோல ஓடத் தொடங்கியது. முகத்தையும் கழுத்தையும் சேர்த்துக்கொண்டான். கைதான் வம்பு செய்தது. தாய்க்கும் மகளுக்கும் ஒரே நிறம். எங்கே தொட்டாலும் கோடு குழந்தைக்குள் பாய்ந்தது. பொறுமை போய், கோணல்மாணலாகக் கையாலேயே வளைத்து அழித்தான். சுவரின் நிறத்தை எடுத்து மேலே பூசினான். குழந்தையின் கவுனிலும் கொஞ்சம் போயிற்று. மடி இருந்த இடத்தில் ஒரு ஸ்டூலை ஒட்டினான்.

நகல் எடுத்துவிட்டு வேலையைத் தொடு என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். ‘இந்த மூஞ்சிக்கு நகல் ஒண்ணுதான் குறைச்சல்’ என்று அசல் மேலேயே சேமித்தான்.

கோடு போகவில்லை.

கோட்டை நீக்கும் பொத்தானைத் தட்டினான். மறுபடியும் தட்டினான். வெற்றுச் சுவரில், ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் வடிவில், எறும்புகள் ஓடிக்கொண்டே இருந்தன.

குழந்தைகளுக்குப் போடும் பவுடர் வாசனை எங்கிருந்தோ வந்தது.

பிறகு கோடு நகர்ந்தது.

தோள். முழங்கை. மணிக்கட்டு. மெதுவாக, அவசரமே இல்லாமல், குழந்தையின் இடுப்பைச் சுற்றிப் போய் நின்றது.

“பாடாவதி மெஷின்!” என்றான். படத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் மூடினான்.

அப்பாவும் மகளும் திரும்பி வந்தார்கள். அச்சில் சுவர் இருந்தது, ஸ்டூல் இருந்தது. வேறொன்றும் இல்லை என்று அவனே மூன்று தரம் பார்த்திருந்தான்.

“சுத்தமா இருக்கு தம்பி,” என்றார் அவர்.

குழந்தை படத்தை வாங்கி, தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டது. தன் இடுப்பு தெரிந்த இடத்தை விரலால் தடவியது. யாரோ விரலைப் பிடித்துக்கொண்டதுபோல அப்படியே நிறுத்தியது.

“இருக்கு,” என்று மெல்லச் சொன்னது.

அவர்கள் போனதும் கணினியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினான். கறுத்த திரையில் அவன் முகம் தெரிந்தது.

முகத்தைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஓடிக்கொண்டிருந்தது.

பவுடர் வாசனை இப்போது தோளுக்குப் பின்னால், மிக அருகில்.

காது மடல், கலைந்த முடி, மூன்று நாள் தாடி என்று கோடு ஒரு மயிரிழையையும் தவறவிடவில்லை. அவ்வளவு சுத்தமாக அவன் தன் ஆயுளில் ஒருவரையும் வெட்டியதில்லை.