ஆறாம் அறை மணி

குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், கதிரையில் ஏறி நின்று யோகராணி மணியின் வயரை வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது கோழி வெட்டும் கத்தரிக்கோல். முதல் வெட்டு வழுக்கியது. இரண்டாவதில் வயரின் தோல் மட்டும் உரிந்தது.

தலைக்கு மேலே மணி திரும்பவும் அடித்தது.

"இஞ்சாரும், என்ன செய்யிறீர்?" முன் அறையில் நெருப்பு மூட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் விக்னராஜா, கையெல்லாம் கரியோடு வாசலில் வந்து நின்றான்.

"கதிரையைப் பிடியுங்கோ. ஒண்டும் கேக்காதேங்கோ."

கத்தரிக்கோலை இரண்டு கைகளாலும் நெரித்தாள். டக் என்றது. வயரின் இரண்டு நுனிகளும் சுவரில் தனித்தனியே தொங்கின. மணி நின்றது.

சுவரில் பழைய மரப்பலகை ஒன்று. அதில் கண்ணாடி போட்ட எட்டுச் சிறிய கட்டங்கள், எட்டு இலக்கங்கள். இந்த வீடு ஒரு காலத்தில் விருந்தினர் விடுதி. அறையில் இருப்பவர் கட்டிலோடு தொங்கும் பொத்தானை அமத்தினால் குசினியில் மணி அடிக்கும். எந்த அறையோ அந்தக் கட்டத்தில் சிவப்புத் தகடு விழும்.

இப்போது ஒரு கட்டத்தில்தான் சிவப்பு விழுந்திருந்தது.

ஆறு.

"உம்மடை மகள் துவாரகா அமத்தி விளையாடுறாளோ?"

"அவள் நித்திரை. அதோடை அவளின்ரை அறையிலை நம்பரே இல்லை. ஒண்டிலயிருந்து நாலு வரைக்கும்தான் கதவுகளிலை இருக்கு. நான் பாத்தனான்."

"அப்ப எலி," என்றான் விக்னராஜா. "வீட்டுக்காரனுக்கு நான் என்ன சொல்ல? என்ரை மனுசி ஆஸ்பத்திரியிலை மணிச்சத்தம் கேட்டுக் கேட்டு விசர் பிடிச்சு வயரை வெட்டிப் போட்டா எண்டு சொல்லவோ?"

"சொல்லுங்கோ. பொய் இல்லைத்தானே."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மூன்று கிழமையாக அவளுக்கு நித்திரை இல்லை. டொக்டர் மருந்து எழுதவில்லை, லீவு எழுதினார். எங்கேயாவது போய்ச் சந்தோஷமாக இருங்கள் என்றார். அவளோடு வேலை செய்யும் சென்னைக்காரி பத்மாதான் தனக்குத் தெரிந்த ஒருவரின் இந்த வீட்டுச் சாவியைக் கையில் வைத்து அழுத்தினாள். "ஸ்கூல் லீவுதானே, பொண்ணைக் கூட்டிட்டுப் போ. அங்க குளிருக்காகவே ஜூலைல கிறிஸ்மஸ் கொண்டாடுவாங்க. நல்லா தின்னு, தூங்கு. மணி கிணி எல்லாம் பழசு, ஒண்ணும் வேலை செய்யாது."

1997ஆம் ஆண்டு ஜூலை, ஆஸ்திரேலியாவின் நடுக் குளிர்காலம். குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்த தங்கள் வீட்டிலிருந்து கார் மலை ஏற ஏற, பின் சீற்றில் எட்டு வயது துவாரகாவின் மூச்சில் சின்னதாய் ஒரு விசில். குளிர் பட்டால் அவளுக்கு இழுப்பு வரும். வீட்டுக்குள் வந்ததும் மூச்சு மருந்துப் பம்பை வாயில் இரண்டு தரம் அடித்து, பின் அறையில் போர்த்திப் படுக்க வைத்து, பம்பைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள் யோகராணி. அந்தப் பை எப்போதும் அவள் தோளில்தான். உலகத்தில் அவள் பயப்படும் சத்தம் அந்த விசில் ஒன்றுதான்.

மூன்று கிழமைக்கு முன்வரை.

வார்டில் ஆறாம் கட்டில் மனோரமா அன்ரியுடையது. எழுபத்தைந்து வயது, இங்கிலீஷ் ஒரு சொல் வராது. தன் ஊர்த் தமிழ் கதைக்கிற ஒரே நேர்ஸ் என்பதால் யோகராணியைக் கண்டால்தான் சாப்பிடுவா. பக்கத்தில் போனால் கோடாலித் தைலம் மணக்கும். வேறு கட்டிலுக்கு நகரும்போதெல்லாம் யோகராணி சொல்லுவாள், "போட்டு வாறன் அன்ரி."

"ஓம் பிள்ளை. வா. நான் பாத்துக்கொண்டிருப்பன்."

ஒரு மத்தியானம் அன்ரி பாத்துக்கொண்டே செத்துப்போனா. கண் திறந்தபடி, வாசலைப் பார்த்தபடி. மணிப் பொத்தான் கைக்குள். மணி அடிக்கவில்லை என்று யோகராணி ஆஸ்பத்திரி விசாரணைக்கு எழுதிக் கொடுத்தாள். எல்லாரும் நம்பினார்கள்.

இப்போது பின்னேரம் மூன்றரை. யன்னலுக்கு வெளியே மூடுபனி வந்து மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது. கடைசியில் வேலியையும் எடுத்தது.

"வாரும்," என்றான் விக்னராஜா. "நெருப்புப் பிடிச்சிட்டுது. வந்ததுக்கு ஒரு பத்து நிமிசமாவது சந்தோஷமா இரும்."

முன் அறையில் மின்குமிழ்கள் சுற்றிய ஒரு பைன் மரம். மேசையில் மினுங்கும் காகிதக் குழல்கள்; இருவர் ஆளுக்கொரு நுனியைப் பிடித்து இழுத்தால் வெடிக்கும், உள்ளே காகிதக் கிரீடம் இருக்கும். யோகராணி அவற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். அவன் விடவில்லை. ஒரு நுனியை அவள் கைக்குள் திணித்தான்.

பட்.

பச்சைக் கிரீடம். அவன் அதை எடுத்துத் தன் தலையில் வைத்தான். வழுக்கையில் அது நிற்கவில்லை. சறுக்கி வந்து மூக்கில் மாட்டியது. அதோடு நிமிர்ந்து உட்கார்ந்து, "யாழ்ப்பாண ராசா," என்றான். "நாடு இல்லை. தலைமயிரும் இல்லை."

அவளுக்குள் ஏதோ உடைந்தது. சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். மூன்று கிழமையில் முதல் சிரிப்பு. நெருப்பு வெடித்தது, தேத்தண்ணி ஆவி பறந்தது, அவள் இன்னும் சிரித்தாள்.

அப்போது வாசம் வந்தது.

கோடாலித் தைலம்.

"நீங்கள் தைலம் பூசினனீங்களோ?"

"என்ன தைலம்?"

குசினியில் மணி அடித்தது.

இருவரும் குசினிப் பக்கம் திரும்பினார்கள்.

"வெட்டினனீர்தானே?" அவன் குரல் தாழ்ந்தது. கிரீடம் இன்னும் மூக்கில் தொங்கியது.

இரண்டாவது தரம். அவசரமில்லாத அடி. தனக்கு வருத்தம் என்று சொல்லவும் கூச்சப்படுகிற ஒருவர் அமத்துவதுபோல.

அவன் எழும்பிப் போய்க் குசினியை எட்டிப் பார்த்தான். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. "வயர் தொங்குது, ராணி. ரெண்டு துண்டா."

மூன்றாவது தரம்.

"பிள்ளையைத் தூக்குங்கோ," என்றாள் யோகராணி. "போவம். இப்பவே."

சொல்லிவிட்டு அவளே ஓடினாள். பின் பக்கத்து நடை இருட்டாக இருந்தது. தைல வாசம் அங்கேதான் அதிகம். போகப் போகக் குளிர் முழங்காலுக்கு ஏறியது. துவாரகாவின் கதவைத் தள்ளக் கை வைத்தாள். விரலில் ஏதோ நெருடியது.

வெள்ளைப் பெயின்றுக்கு அடியில் ஒரு பித்தளை இலக்கம்.

விரலால் தடவிப் பார்த்தாள். மேலே ஒரு வளைவு. கீழே ஒரு வட்டம்.

ஆறு.

கதவைத் தள்ளினாள்.

துவாரகா கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் தரையில் கிடந்தாள். உதடு நீலம். விசில் சத்தம்கூட இல்லை. மார்பு மட்டும் குழி விழுந்து குழி விழுந்து எழும்பியது. கத்த மூச்சிருக்கவில்லை. மணிப் பொத்தானோ கட்டிலின் மறுபக்கம், அவள் கைக்கு எட்டாத தூரத்தில், கயிற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் அடித்தது இவள்தான். அந்த வயரைத்தான் யோகராணி வெட்டினாள்.

கைப்பை கவிழ்ந்தது. சாவி, சீப்பு, முகம் துடைக்கும் லேஞ்சி. பம்ப். நிமிர்த்திப் பிடித்து வாயில் வைத்து அடித்தாள். ஒன்று. "இழு, குஞ்சு. இழு." இரண்டு. ஒன்றும் உள்ளே போகவில்லை. மூன்று. "அம்மா வந்திட்டன், இழு." நாலு.

ஐந்தாவதில் அந்த விசில் கேட்டது. உலகத்தில் அவள் பயப்படும் சத்தம். அதைக் கேட்டு அவள் அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து உதட்டில் நிறம் வந்தது. துவாரகா வழக்கம்போல இங்கிலீஷில், துண்டு துண்டாகப் பேசினாள். நிறையத் தரம் அமத்தினாளாம். பிறகு சத்தம் கேட்கவில்லையாம். விழுந்துவிட்டாளாம். அதற்குப் பிறகு அன்ரிதான் அமத்தினாவாம்.

"எந்த அன்ரி?"

துவாரகா யோசித்தாள். அன்ரி தனக்குச் சொன்னது தமிழிலேயே வந்தது, ஒரு சொல்லும் பிசகாமல். "அழாதை. அம்மாவுக்குக் கேக்குது. சிரிச்சு முடிய வருவா."

யோகராணியின் கை பிள்ளையின் முதுகில் அப்படியே நின்றது.

விக்னராஜா மகளைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு காருக்கு நடந்தான். பனிக்குள் வாசல் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அவன் தோளுக்கு மேலால் துவாரகா வீட்டைப் பார்த்துக் கையசைத்தாள். எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் சொல்ல வேண்டும் என்று அம்மா பழக்கிய ஒரே தமிழ் வசனம்.

"போட்டு வாறம், அன்ரி."

"அப்பிடிச் சொல்லாதை!" யோகராணி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "போறம் எண்டு சொல்லு. போறம்."

ஆருக்கும் அவள் அப்படிச் சொல்லக் கற்பித்ததில்லை. வருவேன் என்று சொல்லாமல் போவது அவர்கள் வழக்கமே இல்லை.

ஆளில்லாத வீட்டுக்குள் மணி ஒரு தரம் அடித்தது. கேட்டுவிட்டேன் என்பதுபோல.

கார் மலையால் ஊர்ந்து இறங்கியது. ஆஸ்பத்திரிக்கு அரை மணித்தியால ஓட்டம். பின் சீற்றில் யோகராணியின் மடியில் துவாரகா தலை வைத்துக் கண்ணை மூடிக் கிடந்தாள். பிறகு விக்னராஜா கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான்.

"ராணி. அண்டைக்கு ஆறாம் கட்டில் மணி அடிக்கேல்லை எண்டுதானே எழுதிக் குடுத்தனீர்?"

வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது.

"அடிச்சது."

அவன் கண்ணாடியிலிருந்து பார்வையை ரோட்டுக்குத் திருப்பினான்.

"மூண்டு தரம் அடிச்சது. வார்டிலை அண்டைக்கு ஜூலைக் கிறிஸ்மஸ், முந்தியே கொண்டாடினவை. பக்கத்து அறையிலை கேக் வெட்டினவை. பத்மா என்ரை தலையிலை காகிதக் கிரீடத்தை வைச்சுவிட்டவ. எத்தினையோ மாசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் சிரிச்சனான். இந்தச் சிரிப்பு முடியட்டும், போவம் எண்டு நினைச்சன். மூண்டாம் தரம் அடிக்கேக்கை எழும்பிப் போனனான்." அவள் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். "அன்ரியிட்டை இல்லை. மணிப் பலகையிலை ஆறாம் நம்பர் லைற் எரிஞ்சுகொண்டிருந்தது. அதை நான்தான் அணைச்சனான். அணைச்சுப்போட்டு வந்து இருந்து கேக் சாப்பிட்டனான்."

மடியில் கிடந்த பிள்ளையின் கை மெல்ல எழும்பி வந்து அவள் கன்னத்தைத் தொட்டது. குளிர்ந்த கை. தைல வாசம்.

"ஓம் பிள்ளை," என்றாள் துவாரகா, கண்ணைத் திறக்காமல். "உன்ரை சிரிப்பைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான்."