பொத்தான் அழுத்திய பொத்தான்

"எதையும் தொடக் கூடாது. சரியா?" என்று அம்மா மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

"சரிம்மா," என்றாள் பொத்தான், மூன்றாவது முறையாக.

அவளுடைய உண்மையான பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. குழந்தையாக இருந்தபோது அப்பாவின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்பியதால், வீட்டில் விழுந்த பெயர் இது. இப்போது அவளுக்குப் பத்து வயது. சட்டை கடிப்பதை அவள் விட்டுவிட்டாள். பெயர்தான் அவளை விடவில்லை.

அன்று காலை பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து, வகுப்பறைகளில் கணுக்கால் அளவு தண்ணீர். எல்லோருக்கும் விடுமுறை. அப்பா வெளியூரில் இருந்தார். வேறு வழியில்லாமல் அம்மா அவளைத் தன்னுடன் வேலைக்கே கூட்டி வந்திருந்தாள்.

அம்மாவுக்கு ஒரு பெரிய நூலகத்தின் மூன்றாவது மாடியில் வேலை. அங்கே எண்பது வருடமாகச் சேர்த்து வைத்த அட்டைகள் இருந்தன. ஒரு புத்தகத்துக்கு ஒரு அட்டை. எழுதியவர் யார், அவர் பிறந்தது எப்போது, இறந்தது எப்போது, புத்தகத்தின் பெயர் என்ன, எந்த ஊரில் அச்சானது, எல்லாம் ஒரே மூச்சில் ஒரே வரியாகத் தட்டச்சு செய்திருப்பார்கள். அம்மா அந்த வரியைப் பிரித்துக் கணினியில் தனித்தனிக் கட்டங்களில் போடுவாள். போட்டு முடித்துவிட்டால், யார் வேண்டுமானாலும் ஒரு பெயரைத் தட்டித் தேடலாம். அவர் எழுதிய புத்தகமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

ஒரே பெயரில் இரண்டு எழுத்தாளர்கள் வந்துவிட்டால் மட்டும் கணினி திகைத்துப் போகும். "இவர்கள் இருவரும் ஒருவரா?" என்று கேட்கும். கீழே "ஒருவரே", "வேறு வேறு" என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். அம்மா இருவரின் அட்டைகளையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவாள். பார்க்க வேண்டிய அட்டைகள் ஜோடி ஜோடியாக இடது பெட்டியில் இருக்கும். பார்த்து முடித்தவை வலது பெட்டிக்குப் போய்விடும்.

அம்மாவின் மணிக்கட்டில் ஒரு வாரமாக வலி. ஒவ்வொரு முறை மவுஸை அழுத்தும்போதும் "ஸ்ஸ்" என்றாள். பொத்தான் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டு மணிக்கு அம்மாவைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பொத்தான் மட்டும் தனியாக இருந்தாள். திரையின் மூலையில் "மீதம்: 64" என்று இருந்தது. அம்மா வந்து இன்னும் அறுபத்து நான்கு முறை "ஸ்ஸ்" என்று சொல்ல வேண்டும்.

திரையில் இருந்த இரண்டு பெயர்களையும் எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. அப்புறம் என்ன? ஒருவரேதான்.

அழுத்தினாள். மீதம்: 63.

அடுத்த ஜோடி. அதுவும் ஒரே பெயர். ஒருவரே. ஒருவரே. ஒருவரே. பத்து நிமிடத்தில் "மீதம்: 0" என்று வந்துவிட்டது. அம்மா திரும்பி வந்ததும் என்ன சொல்லப் போகிறாள் என்று நினைத்து, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அரை மணி நேரம் கழித்து நடைபாதையில் "டக் டக்" என்று செருப்புச் சத்தம் கேட்டது. தலைமை நூலகர். வெடுக்வெடுக்கென்று வெட்டிப் பேசுவதால் அந்த மாடியில் எல்லோரும் அவருக்குக் 'கத்தரிக்கோல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்குப் பின்னால் நீளமான குடை ஒன்றைப் பிடித்தபடி ஒரு பெரியவர் வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"நான் செத்துப்போயிட்டேனாமே! கீழே உங்க கம்ப்யூட்டர்ல அப்படித்தான் போட்டிருக்கு!"

பொத்தானின் கால் ஆட்டம் நின்றது.

"அது மட்டுமா? தேனீ வளர்ப்பு பத்தி நான் மூணு புத்தகம் எழுதியிருக்கேனாம். தேனீயப் பார்த்தாலே ஓடுறவன் சார்... மன்னிக்கணும், மேடம்!"

கூட்டத்திலிருந்து அம்மாவை வரவழைத்தார்கள். மூவரும் தலைமை நூலகரின் கண்ணாடி அறைக்குள் போனார்கள். கதவு திறந்தே இருந்தது. பேச்சு முழுவதும் பொத்தானின் காதில் விழுந்தது.

"ஒரே பேர் மேடம். இவர் வேற, செத்துப்போன தேனீக்காரர் வேற. ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாங்க," என்றாள் அம்மா. "நான்தான் கை தவறி அழுத்தியிருக்கணும். இதோ, பிரிச்சுட்டேன்."

"கை தவறியா?"

"மணிக்கட்டு கொஞ்சம் வலி."

"வலிச்சா சொல்லுங்க. வேற ஆள் போட்டுக்கலாம். அஞ்சு மணிக்கு இதெல்லாம் தானாவே எல்லா ஊர் நூலகத்துக்கும் போயிடும். போனா திருப்பி வாங்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

தலைமை நூலகர் முன்னால் போக, அம்மா தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குத் திரும்பினாள். போகிற வழியில் பொத்தானைப் பார்த்துச் சிரித்தாள். பொத்தானால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை.

அவள் வகுப்பிலேயே ஒரே பெயரில் இரண்டு பேர் உண்டு. ஒருத்தி நன்றாகக் கணக்குப் போடுவாள். இன்னொருத்தி நன்றாகக் கிள்ளுவாள். யாராவது அவர்கள் இருவரையும் ஒருவர் என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். இது ஏன் அப்போது தோன்றவில்லை?

யாருக்கும் தெரியாது. அதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருந்தது. ஒரே ஒரு தவறுதான் நடந்தது, அதையும் சரிசெய்தாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மற்ற அறுபத்து மூன்று ஜோடிகளைப் பற்றித் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாயைத் திறக்காமல் இருந்தால் அவளை யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஐந்து மணிக்கு எல்லாம் போய்விடும். நாளை இன்னும் எத்தனை பேர் குடையோடு வருவார்களோ! ஒவ்வொருவர் வரும்போதும் அம்மா தலை குனிந்து நிற்பாள். அப்புறம் "வேற ஆள்" வந்துவிடுவார்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். கொஞ்சம் அழுதாள். அழுதாலும் நேரம் நிற்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது சுவர்க் கடிகாரம் மூன்றேகால் காட்டியது.

கணினியில் பின்னால் போக முடியுமா என்று பார்த்தாள். திரையில் "மீதம்: 0" மட்டும் இருந்தது. எந்தப் பெயர்களை அழுத்தினாள் என்று ஒன்றுகூட நினைவில்லை. மொத்தம் ஒன்பதாயிரம் பெயர்கள். அதில் எங்கே போய்த் தேடுவது?

அப்போதுதான் இடது பெட்டியைப் பார்த்தாள்.

அட்டைகள் அதில் அப்படியே இருந்தன! அவள் கணினியைத்தான் தொட்டாளே தவிர, அட்டைகளைத் தொடவே இல்லை. அப்படியென்றால் இந்தப் பெட்டியில் இருப்பவர்கள்தான் அவள் ஒன்றாக்கியவர்கள். முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை.

பொத்தான் அட்டைகளை மேசைமேல் ஜோடி ஜோடியாகப் பரப்பினாள். முதல் ஜோடியில் ஒருவர் பிறந்தது 1890, இன்னொருவர் பிறந்தது 1962. "வேறு," என்று முணுமுணுத்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அடுத்த ஜோடிக்கு ஒரே வருடம், ஒரே ஊர். இரண்டுமே கோழி வளர்ப்புப் புத்தகம். அது ஒருவரேதான். அடுத்த ஜோடியில் ஒருவர் பல் மருத்துவர், மற்றவர் கப்பல் மாலுமி. வேறு.

நடைபாதையில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். ஒருமுறை பயத்தில் பென்சில் முனையை உடைத்துவிட்டாள். மூச்சை இழுத்துவிட்டு, அட்டையில் விரல் வைத்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

நாற்பத்தொரு ஜோடி உண்மையிலேயே ஒருவர்தான். குடைக்காரரை அம்மா ஏற்கெனவே பிரித்துவிட்டாள். அவர் போக, இருபத்தொரு ஜோடி வேறு வேறு ஆட்கள். ஒரே ஒரு ஜோடி மட்டும் எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை. பிறந்த வருடம் ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான். ஆனால் ஒரு அட்டையில் குழந்தைப் பாட்டுப் புத்தகம், இன்னொன்றில் 'கிணறு தோண்டும் முறை'. அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

மணி நாலு பத்து. இனி அந்தக் கதவைத் தட்டியே ஆக வேண்டும்.

நடைபாதையின் கோடியில் இருந்தது கூட்ட அறை. கதவுக்கு வெளியே நாற்காலியில் குடைக்காரர் உட்கார்ந்திருந்தார். பொத்தான் தாளைப் பிடித்தபடி கதவுக்கு முன்னால் நின்றாள்.

"என்னம்மா, என்ன வேணும்?" என்றார் அவர்.

பொத்தான் அவர் பக்கம் திரும்பினாள். "நான்தான் உங்களைச் சாகடிச்சேன்."

"என்னது?"

"கம்ப்யூட்டர்ல. எங்கம்மா பண்ணல. நான்தான் அழுத்தினேன். இன்னும் இருபத்தொண்ணு இருக்கு. உள்ளே போய்ச் சொல்லணும். பயமா இருக்கு."

குடைக்காரர் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் ஏன் இங்க உட்கார்ந்திருக்கேன் தெரியுமா? மேடம்கிட்ட அவ்வளவு சத்தம் போட்டிருக்கக் கூடாது. மன்னிப்புக் கேக்கணும். அரை மணி நேரமா இந்தக் கதவையே பார்த்துக்கிட்டிருக்கேன். தட்டத்தான் தைரியம் வரல," என்றார்.

"உங்களுக்கும் பயமா?"

"பின்னே? அவங்க முகத்தப் பார்த்தியா நீ?"

பெரியவர்களுக்கும் இப்படி ஆகும் என்று பொத்தான் நினைத்ததே இல்லை. கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நான் தட்டவா?" என்றாள்.

"தட்டு. நான் பின்னாலயே வர்றேன்."

தட்டினாள். உள்ளே பன்னிரண்டு தலைகள் திரும்பின. நீண்ட மேசையின் மறுகோடியில் கத்தரிக்கோல். நடுவில் அம்மா. அவள் கண்கள் விரிந்தன.

பொத்தான் உள்ளே வந்தாள். யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. தாளை நீட்டிக்கொண்டே வேகமாகச் சொன்னாள்.

"அறுபத்து நாலு ஜோடியையும் நான்தான் 'ஒருவரே'ன்னு அழுத்தினேன். அம்மாவுக்குக் கை வலிக்குதேன்னு. அட்டையப் பார்க்கல. இப்ப எல்லாத்தையும் பார்த்துட்டேன். இதுல எழுதியிருக்கிறவங்க வேற வேற ஆளுங்க. அஞ்சு மணிக்குப் போயிடும்!"

தலைமை நூலகர் எழுந்து வந்து தாளை வாங்கினார். மேலிருந்து கீழாகப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

"யார் உதவி பண்ணாங்க?"

"யாரும் இல்ல மேடம்."

"இடது பெட்டி?"

"ஆமா மேடம். அதுல இருந்த எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கூட்டம் நாளைக்கு. எழுந்திருங்க."

அம்மா ஒரு கணினியிலும் தலைமை நூலகர் இன்னொரு கணினியிலும் உட்கார்ந்தார்கள். நடுவில் நின்று பொத்தான் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். பயத்தில் குரல் கீச்கீச்சென்று வந்தது. ஆனால் ஒரு வருடத்தைக்கூடத் தப்பாகப் படிக்கவில்லை. குடைக்காரர் யாரும் கேட்காமலேயே அட்டைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

நாலு ஐம்பதுக்கு இருபத்தொரு ஜோடியும் முடிந்தது. கேள்விக்குறி மட்டும் மிச்சம்.

"இவங்க ஒருத்தரா, ரெண்டு பேரா?" என்று தலைமை நூலகர் நெற்றியைத் தேய்த்தார். "எதை வெச்சு முடிவு பண்றது?"

"அட்டைக்குப் பின்னால ஒரு போன் நம்பர் இருக்கு மேடம்," என்றாள் பொத்தான். "அவங்களையே கேட்டா என்ன?"

தலைமை நூலகர் எண்களை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு வயதான பெண் குரல், "யாரு?" என்றது.

"நூலகத்திலேருந்து பேசறோம்மா. குழந்தைப் பாட்டெல்லாம் எழுதினது நீங்கதானே? உங்க பேர்லயே கிணறு தோண்டறதப் பத்தி ஒரு புத்தகம் இருக்கு. அது யாரு எழுதினதுன்னு..."

"ஏன், பாட்டு எழுதறவ கிணறு தோண்டக் கூடாதா?" என்று அந்தக் குரல் சீறியது. "நானும் எங்க அக்காவும் கடப்பாரை பிடிச்சுத் தோண்டினோம்! இருபத்திரண்டாவது அடியில தண்ணி! அதத்தான் எழுதினேன். நாப்பது வருஷத்துல அந்தப் புத்தகத்தப் பத்திக் கேட்ட மொத ஆளு நீங்கதான். இப்ப உங்களுக்குக் கிணறு தோண்டணுமா?"

கத்தரிக்கோல் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அவர் சிரித்து அந்த மாடியில் யாரும் பார்த்ததே இல்லை.

"ஒருவரே," என்றாள் பொத்தான் மெதுவாக.

மணி ஐந்து. திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடி நின்றது. எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

குடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். தலைமை நூலகர் தலையசைத்தார். பிறகு பொத்தானின் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு ஸ்கூல் உண்டா?"

"உண்டு மேடம்."

"ரொம்ப நல்லது," என்றார் அவர். அம்மாவிடம், "நீங்க நாளைக்கு முதல் வேலையா டாக்டர்கிட்ட போங்க. வேற ஆளெல்லாம் வேண்டாம். கை சரியானதும் வாங்க," என்று சொல்லிவிட்டு டக் டக்கென்று போய்விட்டார்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா இன்னும் ஒன்றும் பேசவில்லை. பொத்தான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு நிறுத்தம் போனது.

"எத்தனை தடவை சொன்னேன்?" என்று அம்மா ஆரம்பித்தாள். "மூணு தடவை சொன்னேனா இல்லையா? காதுல விழுந்துச்சா இல்லையா?"

பொத்தானுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மூன்று நிறுத்தம் வரை அம்மா விடாமல் திட்டினாள். நான்காவது நிறுத்தம் வருவதற்குள், "கடப்பாரை பிடிச்சாங்களாமே!" என்று சொல்லிக்கொண்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள்.