எல்லைக்கோட்டில் ஒரு மூச்சு

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே, தன் காதில் ஒரு மூச்சு அதிகமாகக் கேட்பதைச் சுகுமாறன் கவனித்தான்.

கால்பந்து நடுவர்கள் மாட்டிக்கொள்ளும் அந்த ரேடியோவில் அழுத்திப் பேசும் பொத்தான் கிடையாது. ஆட்டம் முடியும்வரை மைக் திறந்தே கிடக்கும். எல்லைக்கோட்டில் ஓடும் துணை நடுவர்கள் இருவரின் பேச்சு மட்டுமல்ல, இருமல், முனகல், புல்லில் காலணி உரசும் ஓசை, சாலையில் கண்டெய்னர் லாரி பிரேக் பிடிப்பது எல்லாமே நடுத்திடலில் நிற்கும் அவன் காதுக்கு வந்து சேரும். மாஹிர் வாயால் மூச்சு விடுவான். மாசாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன், கனத்த உடம்பு. எதிர்க்கோட்டில் வேலு சூயிங்கம் மெல்லுவான். இந்த இரண்டுக்கும் அடியில், மெல்லியதாக, மூன்றாவது மூச்சு ஒன்று. உள்ளே இழுக்கும்போது பாதியில் தடுக்கி, இரண்டு மிடறாக இழுபடும் மூச்சு.

அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். படுக்கையில் தன் தோளருகே கேட்டுப் பழகியது. லிஃப்ட் கெட்டுப்போன நாட்களில், காய்கறிப் பையோடு படியேறி வந்து, சாவியைத் தேடும்போது கதவுக்கு வெளியே கேட்பது.

மனைவி கஸ்தூரி இறந்தபின் அவன் விசிலைத் தொட்ட முதல் ஆட்டம் அது.

அவள் தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தாள். வார இறுதிகளில் அவனோடு துணை நடுவராகப் போவாள். வீட்டில் 'என்னங்க' என்பவள், திடலில் மட்டும் அவனை 'ரெஃப்' என்று கூப்பிடுவாள். பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை அணிகளின் ஆட்டம் ஒன்றில், கொட்டுகிற மழையில், கொடியைப் பிடித்தபடியே எல்லைக்கோட்டில் சரிந்தாள். இதயம் என்றார்கள் டாக்டர்கள். முன்பு ஒரு அறிகுறியும் இருந்ததில்லை.

அதன்பிறகு சுகுமாறன் ஷிஃப்டுக்குப் போனான், வந்தான், தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். மாஹிர்தான் கடையிலிருந்து பொட்டலம் கொண்டுவருகிற சாக்கில் வந்து வந்து, கூலாயில் ஒரு சின்ன ஆட்டம் இருக்கிறது, வந்து நின்றால் போதும் என்று அழைத்துப் போனான்.

அந்த ஆட்டத்தின் இடைவேளையில், எத்தனை ரேடியோ செட் போட்டிருக்கிறோம் என்று அவன் மாஹிரிடம் கேட்டான். மூன்றுதான்; நான்காவது செட் பெட்டிக்குள் இருக்கிறது என்றான் மாஹிர். சுகுமாறன் பெட்டியைத் திறந்து பார்த்தான். பேட்டரி கழற்றப்பட்டு, ஸ்பாஞ்சுப் பள்ளத்தில் அந்த செட் சும்மா கிடந்தது.

"ஏன்ணே, இரையுதா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

அவனுக்கு அப்போது பயம் வரவில்லை. இரண்டாம் பாதி முழுவதும் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டே, வெயிலேறிய புல்லின் வாசத்துக்கும் வீரர்களின் கூச்சலுக்கும் நடுவே, அந்த மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசி விசிலை ஊதி, ஹெட்செட்டைக் கழற்றியபோதுதான் கண் கலங்கியது. வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப்பின் கேட்ட ஆட்டத்துக்கெல்லாம் அவன் சரி என்றான். குளுவாங், பொந்தியான், சிகாமட் என்று ஊர் ஊராகப் போனான். மாஹிரையும் வேலுவையும் அந்த ரேடியோப் பெட்டியோடு கூடவே அழைத்துக்கொண்டான். எந்தத் திடலானாலும் ஆட்டம் தொடங்கியதும் அவள் வந்துவிடுவாள். ஒருமுறை வீரன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்து ஆட்டம் நின்றிருந்தபோது, அவன் மைக்கை உதட்டருகே இழுத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினான். மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டேன், உன்னுடையது மாதிரி வரவில்லை, உன் செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது என்றான். மைக் திறந்திருந்தது. வேலு சூயிங்கம் மெல்லுவதை நிறுத்தியது கேட்டது. மாஹிர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

கஸ்தூரியிடமிருந்து வந்தது மூச்சு மட்டும். ஆனால் அந்த மூச்சு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறிக்கொண்டு வந்தது. முன்பு எப்போதாவது தடுக்கியது, இப்போது ஒவ்வொரு இழுப்பிலும் தடுக்கியது. உலர்ந்த தொண்டையில் காற்று அறுத்துக்கொண்டு போகிற ஓசை. களைத்துப்போன, ஓடி ஓடி அலுத்துப்போன ஒருத்தியின் மூச்சு. செத்தவளுக்கு எதற்குக் களைப்பு என்று அவன் வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு யோசித்தான். விடியும்வரை அந்த விளக்கை அவன் அணைக்கவில்லை.

மூவாரில் நடந்த ஆட்டத்தில்தான் அவள் பேசினாள்.

ஆற்றங்கரையிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்த மாலை. சிவப்புச் சட்டைக்கும் நீலச் சட்டைக்கும் ஆட்டம். பந்து இடப்பக்கம் போனபோது, காதுக்குள் மிக அருகில், "ரெஃப், மஞ்ச சட்ட ஆஃப்சைட்" என்றாள்.

அவன் அப்படியே நின்றுவிட்டான். திடலில் மஞ்சள் சட்டை யாரும் இல்லை. அவள் குரலுக்குப் பின்னால் தகரக் கூரையில் அடிப்பதுபோல மழை. மூவாரில் அன்று பொட்டு மழை இல்லை.

"கால் வலிக்குது, ரெஃப்," என்றாள் மறுபடியும். "மழ விடவே மாட்டேங்குது. இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?"

வீரர்கள் அவனைப் பார்த்துக் கத்தினார்கள். எதற்கென்று தெரியாமலே அவன் விசிலை ஊதினான்.

பாசிர் கூடாங்கில் அன்று மஞ்சள் சட்டை அணி ஆடியது. அவள் விழுந்ததும் அவன் விசிலை எறிந்துவிட்டு ஓடினான். ஆம்புலன்ஸ் திடலுக்குள்ளேயே வந்தது. வீரர்கள் தாங்களாகவே கலைந்து போனார்கள். ஆட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் ஊதவில்லை. சொல்லத் தோன்றுகிற நேரமும் அல்ல அது. அவள் இன்னும் அந்த ஆட்டத்தில் இருக்கிறாள். இத்தனை மாதமும், அவன் ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்த இத்தனை ஆட்டமும், அவள் அந்த மழையில் கோட்டோரம் போவதும் வருவதுமாக ஓடிக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி, மாஹிரிடம் எல்லாவற்றையும் சொன்னான். போனவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளக் கூடாது, நமக்கும் நல்லதில்லை, அவர்களுக்கும் நல்லதில்லை என்றான் மாஹிர். பிறகு, தனக்கு ஒன்றும் கேட்டதில்லை என்றாலும், அந்தத் திடலுக்கு அவனைத் தனியாக அனுப்பப் போவதில்லை என்றான்.

"போய் ஊதிட்டு வந்துரலாம்ணே. அக்கா பாவம் லா."

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் போனார்கள். ஆட்டம் எதுவும் இல்லாத நாள். வாரக்கணக்கில் மழை பெய்யாமல் புல் காய்ந்து பழுத்திருந்தது, மண் வெடித்திருந்தது. தூரத்துத் தொழிற்சாலைப் புகைபோக்கியின் உச்சியில் எரிந்த தீ, புகைமூட்டத்தில் மங்கலான செம்மஞ்சளாகத் தெரிந்தது. அழுகிய முட்டைபோல லேசான கந்தக நாற்றம். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு முடிந்ததும் சுற்றிலும் எல்லாம் அடங்கிவிட்டது. மாஹிரும் தன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நடுத்திடல் வரை கூடவே வந்தான்.

முதலில் எதுவும் இல்லை. இரைச்சல் மட்டும். பிறகு அந்த இரைச்சலே மழையாயிற்று. மழைக்குள் அவள் மூச்சு. மூச்சு என்று சொல்லவே முடியாதபடி, விசும்பலும் இழுப்புமாக.

சுகுமாறன் விசிலை வாயில் வைத்தான். உதடு உலர்ந்திருந்தது. மூன்று முறை, நீளமாக, மார்பு காலியாகும்வரை ஊதினான்.

மூச்சு நின்றது.

"என்னங்க?"

வீட்டுக் குரல். அவன் புல்லில் உட்கார்ந்தான்.

"முடிஞ்சிருச்சு, கஸ்தூரி. ஆட்டம் முடிஞ்சிருச்சு. நீ வெளிய வந்துரு."

"நெசமாவா?"

"நெசமா."

அவள் அழுதாள். வலி விட்டுப்போகும்போது வருகிற அழுகை. "கொடிய கீழ வச்சிரலாமாங்க?"

"வச்சிரும்மா. போய் உக்காரு."

மழை குறைவதுபோல இருந்தது. அவள் குனிவதும், ஈர உடை உரசுவதும், நீளமாக ஒரு மூச்சை விடுவதும் கேட்டன. மாஹிர் அவன் தோளில் கை வைத்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சுகுமாறன் நினைத்தான்.

பிறகு அவள் கேட்டாள். குழப்பமாக, மெதுவாக.

"அப்ப எதுக்குங்க இன்னும் ஓடச் சொல்றீங்க?"

"நான் சொல்லலயே."

"சொல்றீங்களே. எப்பவும் நீங்கதானே சொல்றீங்க."

காதுக்குள் யாரோ உதடு பிரிக்கிற சின்ன ஓசை.

"இன்னும் முடியல. ஓடு."

அது சுகுமாறனின் குரல். ஓடிக் களைத்து, நடுத்திடலில் நின்று பேசும்போது எப்படி இருக்குமோ, அப்படியே. எரிச்சல் இல்லை. அவசரம் இல்லை. கனிவாகக்கூட இருந்தது.

தோளிலிருந்த மாஹிரின் கை விலகியது. மாஹிருக்கும் கேட்டுவிட்டது. அவன் குனிந்து சுகுமாறனின் வாயையே பார்த்தான். மூடிய வாயை.

"கஸ்தூரி, அது நான் இல்ல," என்று கத்தினான் சுகுமாறன். "போகாத."

"முடியல, கஸ்தூரி. கொடிய எடு," என்றது காதுக்குள் அந்தக் குரல்.

"கேக்காத, கஸ்தூரி, நான்தான்..."

"நான்தான்," என்றது அந்தக் குரலும்.

அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றாள். மழை மறுபடி வலுத்தது. அவன் விசிலை ஊதினான். மறுபடி ஊதினான். வாயில் ரத்தம் கரித்தது. காதுக்குள் இன்னொரு விசில் அவனுடைய விசிலுக்குப் பதிலாக ஊதியது, குட்டையாக, ஆட்டத்தைத் தொடங்குகிற விசில்.

"சரிங்க," என்றாள் கஸ்தூரி.

மாஹிர் கலிமா சொல்லத் தொடங்கினான். சுகுமாறன் எழுந்து எல்லைக்கோட்டைப் பார்த்தான். வெடித்துக் கிடந்த மண்ணில், காய்ந்த புல்லில், யாரும் இல்லாத அந்தக் கோட்டோரத்தில், ஒரு காலடி பதிந்து அதில் தண்ணீர் ஊறியது. அதற்கு அப்பால் இன்னொன்று. இன்னொன்று. கோடு முடியும் வரை போயின. திரும்பின.

காதில் அவள் மூச்சு. இரண்டு மிடறாக. தடுக்கித் தடுக்கி.

அவனுடைய குரல், அன்பாக: "ஓடு."