மூன்று முறை ஏறிய விலை

காலை 7.40. கூடத்துப் பீரோவில் நகைப்பெட்டி இருந்தது. வீட்டின் மூலப்பத்திரம் மட்டும் இல்லை. கேட்ட விலைக்கு மறுபேச்சின்றி ஒப்புக்கொண்ட பக்கத்து மனைக்காரர் பத்து மணிக்கு முன்பணத்துடன் வரவிருந்தார். பத்திரத்தைக் காட்டாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார்.

8.15. தரகர் அழைத்ததன் பேரில் பெண் காவல் ஆய்வாளர் வந்தார். இரவுப் பணி முடித்து வீடு திரும்பவிருந்தவர். நாற்காலியில் அமர்ந்ததும் எழுந்திருக்க மனமில்லாத களைப்பு அவருக்கு.

எதிரே நின்ற அண்ணனுக்கு அதைவிடப் பழைய களைப்பு. பக்கவாதத்தால் பேச்சும் நடையும் இழந்த அப்பாவை இந்த வீட்டில் பதினோரு ஆண்டுகளாகத் தனியே பார்த்துக்கொள்பவர் அவர். வீடு விற்றால் பாதித் தொகை தங்கைக்கு. அதன்பின் இரண்டு ஆண்டுகள் அப்பாவும் தங்கை வீட்டில். அப்படித்தான் ஏற்பாடு.

"நேத்து யார் யார் வந்தாங்க?"

"நாலு மணிக்குத் தரகர். பத்திரத்தைப் பார்த்தார், அவர் கண்ணு முன்னாடியே பூட்டினேன். கூடத்தைத் தாண்டி உள்ளே வரல. ஆறு மணிக்குத் தங்கச்சி வந்தா. அவளை அப்பாகிட்ட உட்கார வெச்சுட்டு மருந்துக்கடைக்குப் போனேன்."

"சாவி?"

"கதவு நிலைக்கு மேல. எனக்கும் தங்கச்சிக்கும்தான் தெரியும்."

காலையிலேயே வந்திருந்த தங்கை முந்திக்கொண்டாள். "அண்ணன்தான் எடுத்திருப்பார், மேடம். அவருக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்ல."

அண்ணன் கதவில் சாய்ந்துகொண்டார். மறுப்பதற்கும் தெம்பு வேண்டும்.

8.30. ஆய்வாளர் தரகரை வாசலுக்கு அழைத்தார்.

"அம்பது லட்சம்னு ஆரம்பிச்சோம், மேடம். ஆள் வந்தாங்க, அறுபதாச்சு. அதுக்கும் வந்தாங்க, எழுபத்தஞ்சாச்சு. மறுபடியும் ஒருத்தர் வந்தார், தொண்ணூறாச்சு. விலைப் பலகைக்கு மூணு தடவை பெயிண்ட் அடிச்சாச்சு. வீட்டுக்கு ஒரு தடவைகூட அடிக்கல."

"யார் ஏத்தினது?"

"தங்கச்சிதான். அப்பா கட்டின வீட்டைச் சும்மா தூக்கிக் குடுக்க முடியுமான்னு கேப்பாங்க. பேராசைன்னு நினைச்சுக்கிட்டேன்."

8.45. அப்பாவின் அறை. அசையக்கூடிய ஒரே கையால் அவர் விரிப்பின் ஓரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தார்.

"ராத்திரிலேருந்து இப்படித்தான்," என்றார் அண்ணன். "தாகமோன்னு தண்ணி குடுத்தேன். குடிக்கல."

"மெத்தையை எப்ப எடுப்பீங்க?"

"தினமும் ஒன்பது மணிக்கு. வெயில்ல போடலேன்னா முதுகு புண்ணாயிடும்."

"தினமுமா?" என்றாள் தங்கை. அவள் முகம் வெளுத்தது.

ஆய்வாளர் மெத்தைக்கு அடியில் கைவிட்டார். பத்திரம் வந்தது, ஒரு மூலை நனைந்திருந்தது.

"ஒன்பது மணிக்குத் தன் கையிலேயே சிக்கும்னு தெரிஞ்சவர் இங்க ஒளிச்சு வைக்க மாட்டார். தரகர் இந்த அறைக்கே வரல. இந்தப் படுக்கையை ஒருநாளும் தட்டிப் போடாத ஆள்தான் வெச்சிருக்கணும். நீங்கதாம்மா."

"தொண்ணூறு கிடைக்கிற அன்னிக்கு நான் எதுக்கு எடுக்கணும்?"

"பேராசை இருந்தா எடுத்திருக்க மாட்டீங்க. உங்க விலை சந்தையைப் பார்த்து ஏறல. ஆள் வந்தப்பல்லாம் ஏறிச்சு. யாரும் வாங்கக் கூடாதுன்னு வெச்ச விலை அது. வீடு விக்காத வரைக்கும் அப்பா இங்கேயே இருப்பார், இல்லையா? அந்த விலைக்கும் ஒருத்தர் சரின்னுட்டார். வேற வழி தெரியல உங்களுக்கு."

தங்கை சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். "எனக்கு அவரைத் தூக்கக்கூடத் தெரியாதுண்ணா. பயமா இருந்துச்சு."

"பதினோரு வருஷம் முன்னாடி எனக்கும்தான் தெரியாது. அன்னிக்கு யாரும் கேக்கல."

ஆய்வாளர் எழுந்தார். "புகார் எழுதணுமா?"

"வேண்டாம், மேடம்," என்றார் அண்ணன்.

9.00. அண்ணன் படுக்கையின் தலைமாட்டில் போய் நின்றார்.

"எழுந்திரு பாப்பா. கால் பக்கம் வா. முட்டிக்கு அடியில கை குடு. நான் மூணு எண்ணினதும் தூக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கையைக் கொடுத்தாள்.