மூச்சுக்கு அனுமதி இல்லை!

டெலிபோன் அலறியது.

பாளையங்கோட்டை இன்ஸ்பெக்டர் அம்பலவாணன் ரிசீவரை எடுத்தார். மறுமுனையில் ஏட்டு சுடலையாண்டி. பின்னால் ஒரே கூச்சல்!

"சார்... மைதானத்துல எண்ணூறு மீட்டர் ஓட்டத்துல பொண்ணு ஒண்ணு விழுந்து... செத்துப் போச்சு சார்!"

அம்பலவாணன் ரிசீவரைக் காதோடு அழுத்தினார். அவர் மகள் பிருந்தாவும் அதே ஓட்டத்தில்தான்...

"பேரு என்னவே?"

"முஃபீதா, மேலப்பாளையம். நம்ம பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல சார்... பாப்பாதான் ஃபர்ஸ்ட்டு!"

"முருகா!"

போன உயிர் திரும்பி வந்தது. இன்னொரு வீட்டுப் பிள்ளை செத்த நேரத்தில் இப்படி ஒரு நிம்மதியா என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

ஜீப் பறந்தது.

பந்தலுக்குக் கீழே முஃபீதாவைக் கிடத்தியிருந்தார்கள். பதினேழு வயது. உதடு நீலம் பூத்திருந்தது. பக்கத்தில் தாய் ஆசியா உம்மாள், மகளின் பையை மடியில் வைத்தபடி.

பைக்குள் ஆஸ்துமாவுக்கு அடிக்கும் இன்ஹேலர்! அம்பலவாணன் குலுக்கிப் பார்த்தார். நிறைய மருந்து.

"இத ஏம்மா அடிச்சுக்கல?"

"கூடாதுன்னுட்டாவளே ஐயா! போட்டியில இந்த மருந்துக்குத் தடையாம். டாக்டரு எழுதுன காயிதம் முன்கூட்டியே மெட்ராஸுக்குப் போயி, அவுக சரின்னாதான் அடிக்கலாமாம். போன மாசமே வெளையாட்டுச் சங்கத்துல குடுத்துட்டேன். மெட்ராஸ்ல ஒத்துக்கலன்னு இன்னிக்குக் காலையில சொல்லுதாவ..."

"யாரு சொன்னது?"

"செயலாளரு குமரகுருபரன். வீட்டுக்குப் போயிருவோம் மவளேன்னு கெஞ்சுனேன். 'ஜெயிச்சா ரயில்வேயில வேல கெடைக்கும்மா, ஒரு தடவ மூச்ச அடக்கிக்கிடுதேன்'ன்னா..."

பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அம்பலவாணன் சங்க அறைக் கதவைத் தள்ளித் திறந்தார். பின்னாலேயே ஏட்டு. செயலாளர் குமரகுருபரன் விருட்டென்று எழுந்தார். மேஜை டிராயரை இன்ஸ்பெக்டர் இழுத்துக் கவிழ்த்தார்.

முஃபீதாவுக்கு டாக்டர் எழுதிய கடிதம்! சங்க முத்திரைகூட விழாமல்...

"மெட்ராஸ்ல ஒத்துக்கலன்னீரு. காயிதம் இங்கன கெடக்கு! தபால்லயே போடலயாவே?"

பளார்!

"ஒரு பிள்ளய கொன்னுட்டீரே! எவன் சொல்லி நிறுத்துனீரு?"

"யாரும் சொல்லல சார்! சத்தியமா! ரெண்டு காயிதம் வந்துது. ஒரே ஓட்டம், ஒரே டாக்டரு, ரெண்டு பேருக்கும் ஆஸ்துமா. மெட்ராஸ்காரன் நம்புவானா? ரெண்டையும் தூக்கிக் கடாசிருவான். அதான் ஒண்ண நிறுத்துனேன்..."

"அதுக்கு நெசமான நோயாளிதான் கெடச்சாளா?"

"மத்தது பொய்ன்னு எனக்குத் தெரியும் சார். அதப் பாத்துட்டு இதுவும் பொய்தான்னு நெனச்சிட்டேன்..."

"பொய்ன்னு தெரிஞ்சும் அத எதுக்குவே அனுப்புனீரு?"

குமரகுருபரன் நிமிர்ந்தார். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"இன்ஸ்பெக்டர் வீட்டுக் காயிதத்த எப்படி சார் நிறுத்துவேன்?"

அம்பலவாணன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

ஓடுவதற்கு முன்னால் அந்த மருந்தை அடித்தால் கூடுதல் மூச்சு கிடைக்குமாம். யாரோ சொன்னார்கள். பிருந்தாவுக்கு இழுப்பு என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் ஆஸ்துமா என்று டாக்டரிடம் சிரித்துக்கொண்டே எழுதி வாங்கினார். வெறும் தாள்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் பந்தலுக்குக் கீழே கிடந்தது.

"எழுதும்வே..." ஏட்டைப் பார்த்துச் சொன்னார். "கேஸுல ரெண்டு எதிரி. காயிதத்த நிறுத்துனவரு ஒண்ணு. பொய்க் காயிதம் வாங்குனவரு ரெண்டு."

சுடலையாண்டி முப்பது வருஷ சர்வீஸில் பார்க்காத ஸ்டேட்மென்ட் இல்லை. பேனாவைத் திறந்து, மரியாதையாகக் கேட்டார்.

"ரெண்டாமத்தவர கூட்டியார ஜீப்ப எடுக்கட்டுமா சார்... இல்ல, அவரே நடந்து வந்துருவாரா?"