மூலப் படத்தில் மட்டும் நின்றவள்

ரீமேக்கில் அந்தப் பெண்ணைக் காணவில்லை.

இடது திரையில் மொழி புரியாத மூலப் படம், வலது திரையில் அதன் ரீமேக். இரண்டையும் சத்தமில்லாமல் ஒன்றாக ஓடவிட்டு, எங்கெல்லாம் மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதித் தருவது இவள் வேலை. பகல்தான். வெயில் பட்டால் திரையில் எதுவும் தெரியாது என்பதால் ஜன்னலைக் கனத்த துணியால் மூடியிருந்தாள். முதுகுக்குப் பின்னால், சின்ன விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், வயிற்றில் தையலோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா, மருந்து வாடையும் மெல்லிய குறட்டையுமாகக் கட்டிலில் கிடந்தாள்.

மூலப் படம் முழுக்க இருட்டு. கதாநாயகி எந்த அறைக்குப் போனாலும் பின்னால் தலை குனிந்தபடி ஒருத்தி நின்றாள். ரீமேக்கிலோ நகைக்கடை மாதிரி வெளிச்சம். பேய்க்குக்கூட மேக்கப் கலையக்கூடாது இவர்களுக்கு. 'முக்கியமான ஆளையே தூக்கிவிட்டீர்கள்' என்று கடுப்போடு எழுதி அனுப்பினாள்.

ரீமேக்கின் எடிட்டர் உடனே போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, மூலத்துல ஏது இன்னொரு பொம்பளை? தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு."

"நிக்கிறாளே சார். கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க."

"போட்டாச்சு தாயே. நீ படத்த நிறுத்திட்டு, எந்தப் பக்கம்னு சொல்லு."

நிறுத்தினாள். கதாநாயகி பாதி திறந்த வாயோடு உறைந்தாள்.

பின்னால் நின்றவள் நடந்தாள்.

படத்துக்குள் இல்லை. படத்தின் இருட்டுக்கு மேல், திரையின் கண்ணாடியில், இந்த அறை தெரிந்தது. சின்ன விளக்கு. கட்டில். அதை நோக்கி நடக்கும் அவள். இவ்வளவு நேரமும் இங்கேதான் நின்றிருக்கிறாள்.

போனில் எடிட்டர் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

திரும்பினாள். அம்மா மட்டும்தான். மறுபடி திரையின் கண்ணாடியைப் பார்த்தாள். தலை குனிந்தவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் கை சில்லுன்னு இருக்குடி," அம்மா கண் திறக்காமல் முனகினாள். "எடு."

மகளின் இரண்டு கைகளும் மேஜை மேல் இருந்தன.

"அம்மா, எந்திரிம்மா."

"எப்படிடி... மேல உக்காந்துக்கிட்டு..."

ஓடினாள். கட்டிலின் மேல் துழாவினாள். காற்று. வெறும் காற்று. அம்மாவைத் தூக்கப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டு ஆள் கனம்.

ஜன்னல் துணியைப் பிய்த்தெறிந்தாள். வெயில் கொட்டியது. திரை வெளுத்தது. இனி அவள் எங்கே என்று பார்க்கவும் வழியில்லை.

குறட்டை நின்றிருந்தது.

பட்டப்பகல் வெளிச்சத்தில் அம்மாவின் கண்கள் அகலத் திறந்திருந்தன. வாயைச் சுற்றி, அந்தக் கன்னத்தில் நாலு விரல் தடம், இந்தக் கன்னத்தில் ஒன்று, சதை குழிந்து குழிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.